மூன்றாம் தொட்டிக் கிழங்கு

ஸ்டோர் சாவி கைக்கு வந்த வாரத்திலேயே உங்களுக்குச் சிநேகிதர்கள் பெருகிவிடுவார்கள். லாரிக்காரர் பீடி நீட்டுவார். சமையல் மாஸ்டர் தனியாக ஒரு தம்ளர் காபி அனுப்புவார். சரக்கு போடுகிற வியாபாரி உங்கள் பிள்ளைக்குப் பிறந்தநாள் எப்போது என்று விசாரிப்பார். எனக்கும் அப்படித்தான் நடந்தது. காபி வந்தால் குடிப்பேன். ஆனால் எதற்காக வருகிறது என்று யோசித்துக்கொண்டேதான் குடிப்பேன். இருபத்தெட்டு வயதிலேயே எனக்குச் சந்தேகப்பிராணி என்று பெயர் வைத்துவிட்டார்கள். பெண் கொடுக்க வந்த வீட்டில்கூட அதைச் சொல்லித்தான் பயமுறுத்தினார்களாம்.

புதிதாக ஸ்டோர் வேலைக்கு வந்திருக்கிற உங்களிடம் இப்போது குளிர்பதன அறை இருக்கிறது. சூடு ஏறினால் அதுவே மணி அடிக்கிறது. ஆனாலும் மூட்டைக்குள் என்ன இருக்கிறது, அதை வைத்தவர் மனதில் என்ன இருக்கிறது என்று எந்த மணியும் அடிக்காது. அதனால் ஒரு உருளைக்கிழங்குத் தொட்டியின் கதையைச் சொல்கிறேன்.

எழுபதுகளின் நடுப்பகுதி. மகாபலிபுரத்துக்குத் தெற்கே, கடலை ஒட்டி, பெரிய கட்டட வேலை ஒன்று நடந்துகொண்டிருந்தது. வேலையாட்களுக்குச் சவுக்குத் தோப்புக்குள்ளேயே கேம்ப் போட்டிருந்தார்கள். சேலத்து ஆட்கள், ஆந்திரா ஆட்கள், செய்யூர்ப் பக்கத்து ஆட்கள் என்று நூற்றுக்கணக்கில் பேர். எல்லோருக்கும் ஒரே மெஸ். அந்த மெஸ்ஸுக்கு நான் ஸ்டோர்கீப்பர். எனக்கு மேலே மேனேஜர் குமாரசாமி, கோயம்புத்தூர்ப் பக்கத்துக்காரர். வெள்ளைச் சட்டை கசங்காமல் வருவார். யாரையும் 'ங்க' போட்டுத்தான் பேசுவார், கோபம் வந்தாலும்கூட.

மழைக்காலம் வந்தால் எங்களுக்கு ஒரு பயம். காய்கறி எல்லாம் செங்கல்பட்டிலிருந்து திருக்கழுக்குன்றம் ரோடு வழியாக வர வேண்டும். ஏரிகள் நிரம்பி வழிந்தால் அந்த ரோடு அறுந்துபோகும். அதனால் புரட்டாசியிலேயே உருளைக்கிழங்கை வாங்கி இருப்பு வைத்துவிட வேண்டும். மேட்டுப்பாளையத்திலிருந்து கூட்ஸ் வண்டியில் செங்கல்பட்டு வந்து, அங்கிருந்து லாரியில் எங்களிடம் வரும். கிழங்கோடு அந்துப்பூச்சியும் வரும். சாம்பல் நிறத்தில் ஒரு சின்னப் பூச்சி. கிழங்கின் முளைக்கண்ணில் முட்டை வைத்துவிடும். புழு உள்ளே குடைந்து போகும். வெளியே கண்ணருகில் கறுப்பாக, பொடியாக அதன் எச்சம் மட்டும் தெரியும். உடைத்தால் உள்ளே முழுக்கச் சுரங்கம்.

குமாரசாமி சார் அந்த வருஷம் ஒரு ஏற்பாடு செய்தார். பழைய சிமென்ட் ஷெட்டின் கூரைமேல் தென்னங்கீற்று வேய்ந்து குளிர்ச்சி பண்ணினார். உள்ளே செங்கல்லால் மூன்று தொட்டி கட்டினார். கடல் மணல் உப்பு, ஈரம் இழுக்கும் என்று பாலாற்று மணலை லாரியில் அடித்துக் காயவைத்தார். நொச்சி இலை, வேப்பிலை, உண்ணிச்செடி இலை மூன்றையும் நிழலில் உலர்த்தினார். அடியில் மணல், அதன்மேல் இலை, அதன்மேல் கிழங்கு, மறுபடி இலை, மறுபடி மணல். ஷெட்டுக்குள் நுழைந்தால் நொச்சி வாசனை தும்மலை வரவழைக்கும். "ஒரு துளி மருந்து கிடையாதுங்க. பூச்சி வாசனை புடிக்காம ஓடியே போயிரும்" என்று வருகிறவர்களிடமெல்லாம் சொல்வார்.

வருகிறவர்களும் வந்தார்கள். சீஃப் எஞ்சினியருக்கு அந்த ஏற்பாடு ரொம்பப் பிடித்துப்போயிற்று. மெட்ராஸிலிருந்து யார் வந்தாலும் கட்டடத்தைக் காட்டிவிட்டு, அடுத்து எங்கள் ஷெட்டுக்குக் கூட்டிவருவார். "விஷம் இல்லாத கிழங்கு" என்று அவரே சொல்வார். குமாரசாமி சார் இலையை விலக்கி ஒரு கிழங்கை எடுத்துக் காட்டுவார். அப்போது அவர் முகத்தைப் பார்க்க வேண்டும், கல்யாணப் பெண்ணின் அப்பா மாதிரி இருக்கும்.

ஐப்பசியில் முதல் தொட்டியைத் திறந்தோம். பெரும்பாலும் நல்ல கிழங்கு. அங்கங்கே சொத்தை இருந்தது, பிரித்து வைத்தோம். பிரிக்கிற வேலை சகாயமேரியும் இன்னும் சில பெண்களும் செய்வார்கள். மேரி பக்கத்து ஊர்க்காரி. அவள் அப்பா காலம்வரை பிறத்தியார் நிலத்தில் கூலி வேலை. கேம்ப் வந்த பிறகுதான் அவள் வீட்டுக்கு மாதச் சம்பளம் என்று ஒன்று வந்தது. வாய் சும்மா இருக்காது. கையும்தான், வேலை ஓடிக்கொண்டே இருக்கும்.

அந்தச் சமயத்தில் மூன்றாம் தொட்டிக்குப் பக்கத்துச் சுவரில் அந்துப்பூச்சிகள் உட்கார்ந்திருப்பதைப் பார்த்தேன். ஒன்றிரண்டு இல்லை, நிறைய. சாரிடம் சொன்னேன். அவர் முகம் சட்டென்று மாறியது.

"யார்கிட்டயும் சொல்ல வேண்டாமுங்க தம்பி. நான் பாத்துக்கறேன்."

சில நாள் கழித்துப் போய்ப் பார்த்தால் சுவர் சுத்தம். ஒரு பூச்சி இல்லை. எப்படி சார் என்றேன். "இன்னும் கொஞ்சம் இலை போட்டேனுங்க. இலையோட வேலை" என்றார். என்னைப் பார்க்காமல் சொன்னார். தொட்டியின் மேல் மணல் யாரோ உள்ளங்கையால் தடவிச் சமன்படுத்தியதுபோல் இருந்தது. மறுநாள் அந்தத் தொட்டிமேல் பலகை வந்து, பலகைமேல் ஆணியும் வந்துவிட்டது. "இது பொங்கலுக்கு. அதுவரை தொடக் கூடாதுங்க."

பூச்சி போனதற்கு நான் சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். எனக்கு அந்த ஆணிதான் உறுத்தியது. இலை வேலை செய்தது என்றால் வருகிறவர்களுக்கு மற்றத் தொட்டிகளைக் காட்டுவதுபோல் இதையும் திறந்து காட்டுவார்தானே? ஏன் மூடுகிறார்? கேட்டேன். "களவு போகுதுங்க. பொம்பளைங்க கூடையைக் கொஞ்சம் பாக்கச் சொல்லுங்க" என்றார்.

அன்று சாயங்காலத்திலிருந்து கேட்டில் வாட்ச்மேன் பெண்களின் கூடையைக் கவிழ்க்க ஆரம்பித்தான். மேரி நேராக ஸ்டோருக்கு வந்தாள்.

"இன்னாண்ணா இது? நேத்து வரைக்கும் சும்மா போனோம். இன்னிக்கி எல்லார் எதிர்லயும் கூடைய கவுத்து காட்ட சொல்றான். நாங்க இன்னாத்த திருடிகினோம்?"

"மேனேஜர் உத்தரவு, மேரி. கிழங்கு குறையுதாம்."

"எங்க கொறையுது? நீ தானே எடை போடற, நீ சொல்லு."

எனக்குத் தெரிந்து ஒரு கிழங்குகூடக் குறையவில்லை. அதைச் சொன்னேன். அவள் குரலைத் தாழ்த்தினாள்.

"அப்போ கேட்டுக்கோ. ஆணி அடிச்ச தொட்டில கிழங்கே கெடயாது. மேல மணலு, கீழ மணலு. கிழங்கு என்னிக்கோ லாரி ஏறிடிச்சி. நாளைக்கி தொறந்தா பழிய போட ஆள் வேணும்ல? அதான் இப்பவே எங்க கூடைய கவுக்கறாங்க."

அவள் சொன்னதில் ஒரு கணக்கு இருந்தது. எனக்கும் அதே எண்ணம் ஓடிக்கொண்டிருந்தது. ஆனால் கசங்காத சட்டையும், யாரையும் மரியாதைக் குறைவாகப் பேசாத வாயும் உள்ள அந்த மனுஷனை லாரியில் கிழங்கு ஏற்றிவிடுகிறவராக என்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. நினைத்துப் பார்க்க முடியவில்லை என்பது ஒரு ஆதாரம் ஆகாது, இதை நீங்கள் குறித்துக்கொள்ளுங்கள். அவர் பக்கமும் போகாமல், மேரி பக்கமும் போகாமல், அந்தத் தொட்டிமேல் மட்டும் கண் வைத்திருந்தேன்.

கார்த்திகையில் மழை பிடித்தது. விடாத மழை. பாலாறு இரு கரையும் தொட்டு ஓடுகிறது என்றார்கள். திருக்கழுக்குன்றம் ரோட்டில் மதகு உடைந்து லாரி நின்றுபோயிற்று. மகாபலிபுரம் வழியும் தண்ணீர். இரண்டாம் தொட்டியும் காலியானது. அதிலும் கொஞ்சம் சொத்தை இருந்தது, மீதி நல்லதாகவே இருந்தது. அதன்பிறகு அரிசி இருந்தது, புளி இருந்தது, பருப்பு அடிமூட்டைக்கு வந்துவிட்டது. ரசம் சோறு, ரசம் சோறு என்று நாட்கள் போயின. கான்கிரீட் வேலை மழையிலும் நின்றபாடில்லை. மண் சுமந்துவிட்டு வருகிறவனுக்கு ரசம் எத்தனை நாளைக்குப் போதும்?

ஒரு காலை, மேஸ்திரி ஏழுமலை ஆட்களோடு ஷெட் வாசலில் வந்து நின்றார். எல்லோர் தலையிலும் சாக்குக் கொங்காணி. தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

"இன்னா ஸ்டோரு, உள்ள தொட்டி நெறய கிழங்கு வச்சிகினு எங்களுக்கு ரசத்த ஊத்திகினு கீறீங்க?"

குமாரசாமி சார் குறுக்கே வந்தார். "பொங்கல் வரைக்கும் வேணுமுங்க. இப்பவே தின்னுட்டா..."

"பொங்கல் வரிக்கும் நாங்க இருந்தா பாத்துக்கலாம். தொற."

"வேண்டாமுங்க."

"ஏன் வாணாம்? உள்ள கிழங்கு கீதா இல்லியா? அத்த சொல்லு மொதல்ல."

சார் கதவுக்குக் குறுக்கே கையை நீட்டினார். நின்ற கூட்டம் முழுக்க ஒரு முணுமுணுப்பு ஓடியது. 'வித்துட்டான்' என்று பின்னால் யாரோ ஒருவன் சொன்னான். மேரி சுவரோரம் நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

நான் கடப்பாரையை எடுத்து ஆணியைப் பிடுங்கினேன். சாரிடம் அனுமதி கேட்கவில்லை. கேட்டிருந்தால் அவர் மறுபடி வேண்டாம் என்றுதான் சொல்லியிருப்பார். அடுத்த நிமிஷம் அந்தக் கூட்டம் அவரைத் தாண்டிக்கொண்டு உள்ளே வந்திருக்கும்.

பலகையை விலக்கி, மணலைத் தள்ளி, இலையை எடுத்தேன். கிழங்கு இருந்தது! தொட்டி விளிம்புவரை இருந்தது. கூட்டத்தில் ஒரு சிரிப்பு கிளம்பியது. ஏழுமலைகூடச் சிரித்துவிட்டார். பெண்கள் கூடையோடு வந்து அள்ள ஆரம்பித்தார்கள். சமையல் மாஸ்டர் தாமோதரன் முதல் கூடையைத் தானே தூக்கிக்கொண்டு ஓடினார். மேரிக்கு மட்டும் முகம் சுருங்கிப்போயிற்று, தான் நினைத்தது நடக்கவில்லையே என்று.

எனக்கும் சிரிக்கத்தான் தோன்றியது. அப்போது திரும்பிச் சாரைப் பார்த்தேன். திருடவில்லை என்று எல்லோர் முன்னாலும் நிரூபணம் ஆகிவிட்ட மனுஷன் எப்படி இருக்க வேண்டும்? மூச்சு விட்டிருக்க வேண்டும். "பாத்தீங்களா" என்று ஒரு வார்த்தையாவது சொல்லியிருக்க வேண்டும். அவர் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். உதடு வெளுத்திருந்தது. தாமோதரன் போன வழியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அதைப் பார்த்த பிறகு நான் மறுபடி தொட்டிக்குள் பார்த்தேன். ஒரு கிழங்கை எடுத்தேன். சொத்தை இல்லை. இன்னொன்று. அதிலும் இல்லை. கூடையில் அள்ளியதைக் கிளறினேன். ஒன்றில்கூட இல்லை. ஒரே லாரியில் வந்த சரக்கு, ஒரே மணல், ஒரே இலை. மற்ற இரண்டு தொட்டியிலும் சொத்தை இருந்தது. பூச்சி அதிகமாக உட்கார்ந்திருந்தது இந்தத் தொட்டிப் பக்கம்தான். இதில் மட்டும் ஒன்றுமே இல்லையென்றால் எப்படி?

இலையை இன்னும் விலக்கினேன். அடியில் எறும்புகள் செத்துக் கிடந்தன. சாரை சாரையாக, போன வரிசையிலேயே. அந்துப்பூச்சிகளும் சிறகு விரிந்து கிடந்தன. மூலையில் ஒரு பல்லி வயிற்றை மேலே காட்டிக்கொண்டு கிடந்தது. இலை வாசனைக்குப் பூச்சி ஓடிப்போகும் என்றுதானே இத்தனை நாள் சொன்னார்? ஓட வேண்டியது ஏன் செத்துக் கிடக்கிறது? குனிந்து மோந்து பார்த்தேன். நொச்சி வாசனைக்கு அடியில் இன்னொரு வாடை. ரொம்ப நாள் பூட்டிக் கிடந்த வீட்டை மழைநாளில் திறந்தால் வருமே, அந்த மாதிரிப் பூஞ்சை வாடை. செய்யூர்ப் பக்கத்து வேர்க்கடலை வயலில் பூச்சிக்குத் தூவும் பவுடருக்கு அதே வாடை. எனக்கு அது பழக்கம்.

இப்போது என்ன செய்ய வேண்டும் என்று யோசித்துப் பாருங்கள். வாசலில் பசியோடு ஆட்கள். கையில் கிழங்கு. யார் போட்டது என்று கேட்டுக்கொண்டு நின்றால் பேச்சு வளரும். பேச்சு வளருகிற நேரத்தில் கிழங்கு அடுப்புக்குப் போய்விடும். அதனால் ஆளை விட்டுவிட்டுப் பண்டத்தைப் பிடித்தேன்.

"எல்லாரும் கூடையைக் கீழே வைங்க. இதுல மருந்து வாடை வருது. ஒரு கிழங்கும் வெளியே போகக் கூடாது."

சிரிப்பு நின்றது. ஏழுமலை ஒரு கிழங்கை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"தங்கமாட்டம் கீது. இதுல இன்னா மருந்து? திரும்பப் பூட்டி வச்சிக்கறதுக்கு இது ஒரு கதையா?"

"பல்லி செத்துக் கிடக்கு. வந்து பாருங்க."

வந்து பார்த்தார். பார்த்ததும் அவர் குரல் வேறு மாதிரி ஆயிற்று. "எவன் போட்டான்?" என்றார். கூட்டத்திலிருந்து ஒருவன், "தொட்டிய தொடறது இந்தப் பொம்பளைங்க தான்" என்றான். எல்லாக் கண்ணும் பெண்கள் பக்கம் திரும்பியது. அவர்கள் கூடைகளைத்தானே கேட்டில் தினமும் கவிழ்த்துக்கொண்டிருந்தோம்? சந்தேகத்துக்குப் பாதை நாங்களே போட்டு வைத்திருந்தோம்.

"யாருங்கிறது அப்புறம். நானே கண்டுபிடிச்சுச் சொல்றேன். யாரும் எங்கேயும் போக வேண்டாம்" என்று சொல்லி, ஷெட்டைப் பூட்டி, சாவியை ஏழுமலை கையில் கொடுத்தேன். சாவி என்னிடம் இருந்தால் நான் சொல்வதை அவர் நம்ப மாட்டார். அவரிடமே இருந்தால் கொஞ்ச நேரமாவது பொறுப்பார். பிறகு சமையல் கட்டுக்கு ஓடினேன். மேரியும் என் பின்னாலேயே வந்தாள். சாரும் வந்தார்.

தாமோதரன் அவசரத்தில் தோலைக்கூடச் சீவாமல் கிழங்கை அண்டாவில் கொட்டிக் கொதிக்கவிட்டிருந்தார். "நில்லுங்க மாஸ்டர், அதை இறக்குங்க" என்று கத்தினேன். அவர் ஏற்கெனவே மூக்கைச் சுளித்துக்கொண்டுதான் நின்றிருந்தார்.

"இன்னாபா இது, தண்ணி கொதிக்கிறப்பவே ஒரு மாதிரி மக்கல் வாடை அடிக்குது. கிழங்கு கெட்டுப்போச்சா?"

நான் பதில் சொல்வதற்குள் சார் பேசினார். கெஞ்சுகிற குரல்.

"தோலைச் சீவி ரெண்டு தடவை நல்லா கழுவிப் போட்டா போயிருமுங்க."

தாமோதரன் அண்டாவை இறக்கிவிட்டு அவரைத் திரும்பிப் பார்த்தார்.

"எது சார் போயிரும்?" என்றேன்.

அவர் அரிசி மூட்டைமேல் உட்கார்ந்துவிட்டார். வெள்ளை வேட்டியில் கரி ஒட்டியதைக்கூடப் பார்க்கவில்லை.

"கடலைக்குப் போடற பவுடருதானுங்க. முதல் ரெண்டு தொட்டியிலயும் போடலைங்க. சத்தியமா. இது பொங்கலுக்குத்தானே, அதுக்குள்ள வீரியம் போயிரும்னு நெனச்சேன். மழை இப்படிப் பெய்யும்னு தெரியாதுங்களே."

"உங்க இலையை நீங்களே நம்பலியா சார்?"

"முன்ன இருந்த கேம்ப்புல மூட்டை மூட்டையாப் புழு வந்திருச்சுங்க. பெரிய ஆபீசர் எல்லார் முன்னாலயும் ஒரு கிழங்கை உடைச்சு என் கையில குடுத்து, இதை உங்க பிள்ளைக்குக் குடுப்பீங்களான்னு கேட்டாரு. இங்க வந்து இத்தனை பேரைக் கூட்டிட்டு வந்து காட்டுன பிறகு, மறுபடி அந்தக் கேள்வி வந்தா நான் எங்க போறதுங்க?"

அவர் அழுதார். தாமோதரன் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். எனக்கு அவர்மேல் இரக்கமும் வந்தது, அந்த இரக்கத்தின்மேல் சந்தேகமும் வந்தது. அழுகிறவருக்காகத்தான் நாம் தப்பான முடிவு எடுப்போம்.

கண்ணைத் துடைத்துக்கொண்டு அவர் சொன்னார். "மூட்டையிலயே வந்ததுன்னு சொல்லிரலாம் தம்பி. மேட்டுப்பாளையத்துக்காரன் போட்டிருப்பான்னு. பொம்பளைங்க மேலயும் பழி வராது, என் மேலயும் வராது. கிழங்கைத்தான் நிறுத்தியாச்சே."

நான் மறைக்காமல் சொல்கிறேன், அது நல்ல யோசனையாகத்தான் அந்த நிமிஷம் தெரிந்தது. கிழங்கு நின்றுவிட்டது. வியாபாரி தூரத்தில் இருக்கிறான். கூட்டம் கலைந்துவிடும். தாமோதரன்தான் தலையை ஆட்டினார்.

"மூட்டைல வந்திருந்தா மொத தொட்டி கிழங்கும் நாறியிருக்கணுமே. நான் தானே வேக வச்சேன். ஏழுமலை இன்னா கேனையா, கேட்க மாட்டானா? இன்னிக்கி ஒண்ணு பொய்னு தெரிஞ்சா, நாளைக்கி நாம வெறும் சோறு போட்டாக்கூட விஷம்னுவான்."

மேரி இப்போது சாருக்கு எதிரில் வந்து நின்றாள். கத்தவில்லை.

"சார், வெளிய அவனுங்க எங்க மூஞ்சிய பாத்துகினு கீறானுங்க. நீங்க போயி சொல்றீங்களா, நான் போயி சொல்லட்டுமா?"

குமாரசாமி சார் எழுந்தார். என்னைப் பார்த்தார். மழையில் குடை இல்லாமல் ஷெட் வாசல்வரை நடந்து போனார். நான் பக்கத்திலேயே போனேன். அடி விழுந்தால் தடுப்பதற்குத்தான். அவர் சொல்லாமல் திரும்பிவிடக் கூடாது என்பதும் ஒரு காரணம்.

"மருந்து போட்டது நான்தானுங்க" என்றார். மழைச் சத்தத்தில் பின்னால் இருந்தவர்களுக்குக் கேட்கவில்லை. ஏழுமலை "சத்தமா சொல்லு" என்றார். இரண்டாம் தடவை சத்தமாகச் சொன்னார்.

ஏழுமலை அவர் சட்டையைக் கொத்தாகப் பிடித்தார். நான் நடுவில் கை வைத்தேன். "அடிக்கிறதா இருந்தா வேலை முடிஞ்சதும் அடிங்க. முதல்ல கிழங்கைப் புதைக்கணும். உங்க ஆளுங்க பசியில இருக்காங்க, யாராவது ரெண்டு எடுத்துச் சுட்டுத் தின்னுட்டா நாளைக்குப் பொணம்தான்." அந்த வார்த்தைக்குத்தான் அவர் பிடி தளர்ந்தது.

அதிலும் சந்தேகம் தீரவில்லை. புதைக்கிறோம் என்று சொல்லி இரவில் தோண்டி எடுத்து விற்றுவிடுவோம் என்று ஒரு பேச்சு எழுந்தது. அதனால் கிணற்றுக்கு எட்டாத மேட்டில் குழி வெட்டி, எல்லோர் கண்ணெதிரிலும் ஒவ்வொரு கூடையாகக் கொட்டி, மண்வெட்டியால் கொத்திக் கூழாக்கி, சுண்ணாம்பு போட்டு மூடினோம். எனக்கு அது அவமானமாக இல்லை. நான் அந்த இடத்தில் நின்றிருந்தால் நானும் அதையேதான் கேட்டிருப்பேன்.

சோற்றுக்கு என்ன வழி என்ற கேள்வி அப்படியே நின்றது. மேரி முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு குப்பத்துக்குப் போனாள். மழையில் கட்டுமரம் இறங்காததால் அங்கேயும் பட்டினிதான். ஆனால் பரண்மேல் கருவாடு இருந்தது. எங்கள் அரிசியைக் கொடுத்து அவர்கள் கருவாட்டை வாங்கினோம். தாமோதரன் புளியைக் கரைத்துக் குழம்பு வைத்தார். முதல் பந்தியில் உட்கார்ந்தவர்கள் சாப்பிடாமல் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். ஏழுமலை என்னைக் கூப்பிட்டு, "நீ மொதல்ல துன்னு" என்றார். உட்கார்ந்து தின்றேன். மேனேஜருக்கும் இலை போடச் சொன்னார்கள். அவரும் குனிந்த தலை நிமிராமல் தின்றார். அதற்குப் பிறகுதான் மற்றவர்கள் கை வைத்தார்கள்.

ரோடு சரியானதும் சீஃப் எஞ்சினியர் அவரை வேறு இடத்துக்கு அனுப்பிவிட்டார். அதிகச் சத்தம் இல்லாமல் நடந்தது. போகிற அன்று செங்கல்பட்டு ஸ்டேஷன்வரை நான்தான் ஜீப்பில் கூடப் போனேன். மதுரைப் பக்கம் போகிற ரயிலுக்குக் காத்திருந்தபோது அவர் கேட்டார்.

"ஏனுங்க தம்பி, நான் பவுடர் போடாம இருந்திருந்தா, வெறும் இலையும் மணலுமே போதுமா இருந்திருக்குமுங்களா?"

"தெரியாது சார். நீங்க அதைத் தெரிஞ்சுக்க விடலியே" என்றேன்.

கடுமையாகத்தான் இருந்தது. ஆனால் அதுதான் எனக்கு இன்றுவரை ஆறாத விஷயம். ஒரு காரியம் பலிக்கிறதா இல்லையா என்று பார்க்கிற பொறுமை இல்லாமல் நடுவில் கையை வைத்தால், பலித்தாலும் அதை நம்ப முடியாது, தோற்றாலும் எதனால் என்று தெரியாது. உங்களில் யாராவது இலை, சாம்பல், மணல் என்று இயற்கை வழியில் ஏதாவது செய்து பார்க்கப்போகிறீர்கள் என்றால், கொஞ்சம் நஷ்டத்துக்கு மனதைத் தயார் பண்ணிக்கொண்டு செய்யுங்கள். நஷ்டமே இல்லை என்று எவராவது காட்டினால், அவர் சட்டைப்பையைப் பாருங்கள்.

அடுத்த புரட்டாசியில் கிழங்கு வைக்கிற பொறுப்பு என்னிடம் வந்தது. புதிய மேனேஜர், எதற்கு வம்பு, மருந்தடித்த சாக்கில் போடலாம் என்றார். நான் பிடிவாதமாக அதே ஆற்று மணல், அதே நொச்சி, அதே வேப்பிலை, உண்ணி இலை என்று நின்றேன். தொட்டிகளுக்குப் பலகை போட்டேன், ஆணி அடிக்கவில்லை. கேட்டில் கூடை கவிழ்ப்பதும் நின்றது. தினம் காலை ஒரு சுற்று போவேன். மணலில் கைத்தடம் இருக்கிறதா, எறும்பு எப்படிப் போகிறது, பல்லி கத்துகிறதா என்று பார்ப்பேன். மற்றவர்கள் சிரிப்பார்கள். சுவரில் அந்துப்பூச்சி வந்து உட்கார்ந்தது. எனக்குத் தூக்கம் கெட்டது. யாராவது, நல்ல எண்ணத்தோடேயே, ஒரு பிடி எதையாவது தூவிவிட்டால்?

கார்த்திகை பிறந்து தொட்டியைத் திறந்தோம். பெண்கள் கிழங்கைப் பிரித்துக்கொண்டிருந்தார்கள். நல்லது, நல்லது, நல்லது என்று கூடை நிரம்பிக்கொண்டே போனது. ஒன்றும் தட்டுப்படவில்லை. எனக்கு மறுபடி யாரோ கை வைத்துவிட்டார்கள் என்றே தோன்றியது. புதிய மேனேஜர் முகத்தைப் பார்த்தேன், தாமோதரன் முகத்தைப் பார்த்தேன்.

அப்போது மேரி, "ஐய, இத்த பாருண்ணா" என்றாள். அவள் கையில் ஒரு கிழங்கு. கண்ணருகில் கறுப்புப் பொடி.

"ஒடை" என்றேன்.

உடைத்தாள். "புழு கீது."

"செத்துக் கெடக்கா?"

"எங்க செத்துது? நல்லா நெளியுது பாரு."

அதை வாங்கி வாசல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோனேன். வெளிர்ப்பச்சையாக, சின்னதாக, கொழுத்து, உயிரோடு நெளிந்துகொண்டிருந்தது. ஒரு புழுவைப் பார்த்து என் ஆயுளில் அவ்வளவு சந்தோஷப்பட்டதில்லை.

"சொத்தைய வெட்டி எறிஞ்சிட்டு மாஸ்டர்கிட்ட அனுப்பு" என்றேன்.

அன்று மத்தியானம் யாரும் கூப்பிடாமலே முதல் பந்தியில் போய் உட்கார்ந்தேன். கிழங்குப் பொரியலை இரண்டாம் தடவையும் கேட்டு வாங்கிக்கொண்டேன்.